கெடிலக்கரைக் கதைகள் – 14: மாங்காய் கப்பலேறிய கதை

மானம் கப்பலேறிய கதைகள் இந்தத் தொடரில் நிறையவே வந்துவிட்டன. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தது, 1783இல் கடலூரில் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, "ஐரோப்பாவில் எப்போதோ சமாதானம் ஆகிவிட்டது, நீங்கள் ஏன் இன்னும் சுடுகிறீர்கள்?" என்று கப்பலில் செய்தி வந்து இரண்டு தரப்பும் அசடு வழிந்தது, எல்லாம் பார்த்தாயிற்று. இந்த வாரம் பீரங்கிகளுக்கு விடுமுறை. ஊறுகாயைப் பற்றிப் பேசுவோம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் சரித்திரம் எழுத உட்காருகிறவர்கள் கோட்டையை எழுதுவார்கள், கோயிலை எழுதுவார்கள், துறைமுகத்தை எழுதுவார்கள். பரணில் இருக்கும் ஜாடியை ஒருவரும் இறக்கிப் பார்ப்பதில்லை. அது அடுப்பங்கரை விவகாரம் என்பது அவர்கள் எண்ணம். என் கட்சி வேறு. ஊறுகாய் வீட்டில் பிறந்தாலும் வீட்டுக்காகப் பிறந்ததில்லை. வழிநடைக்கும் கப்பலுக்கும் என்றே உண்டான சாப்பாடு அது. அப்படியிருக்க, ஒரு துறைமுக ஊரின் வரலாற்றில் அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் விடுவது நியாயமாகாது.

முதல் சாட்சி, மொராக்கோக்காரர் இபின் பதூதா. 14ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து புறப்பட்டு, கப்பல் உடைந்து, நம் சோழமண்டலக் கரையில் வந்து சேர்ந்தவர். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை. அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். ஆகவே விருந்துக்குக் குறைவிருந்திருக்காது. இந்தியர்கள் மாங்காயைச் சாப்பிடும் விதத்தைப் பதூதா உன்னிப்பாகக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். பழுக்குமுன் உதிரும் காய்களைப் பொறுக்கி உப்பிட்டு ஊறவைக்கிறார்கள், பச்சை இஞ்சியையும் மிளகுக் கொத்தையும் அப்படியே செய்கிறார்கள், சோற்றில் ஒரு கவளத்துக்கு ஒருமுறை அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறார். தயிர்சாதம் சாப்பிடும் எவரையும் இன்று எதிரே உட்கார்ந்து பார்த்தாலும் இதையேதான் எழுத முடியும்.

அதைவிட முக்கியமான குறிப்பு, அவருடைய சீனப் பயணத்தில் வருகிறது. வழியில் ஓர் அரசகுமாரி அவருக்குப் பரிசுகள் தருகிறாள். துணிமணி, யானைச் சுமை அரிசி, எருமை, ஆடு ஆகியவற்றோடு நான்கு பெரிய மார்த்தபான் ஜாடிகள். ஜாடிகளுக்குள் மிளகு, எலுமிச்சை, மாங்காய் முதலியன, கடல் பயணத்துக்கு ஏற்றபடி உப்பிட்டவை. அந்த அரசகுமாரியின் நாடு எது என்பதில் அறிஞர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். ஜாடிக்குள் என்ன இருந்தது என்பதில் மட்டும் தகராறு இல்லை.

மார்த்தபான் என்பது பர்மாவில் ஒரு துறைமுகம். உள்ளும் புறமும் மெருகு ஏற்றிய பெரிய ஜாடிகள் அங்கிருந்துதான் கீழைக்கடல் முழுவதும் போயின. மண்பானை உப்புநீரைக் கசியவிடும், பித்தளை களிம்பேறும். மெருகிட்ட ஜாடி இரண்டும் செய்யாது. பரணிலிருக்கும் பழுப்பும் வெள்ளையுமான ஜாடியை நாம் பரம்பரைச் சொத்தாக நினைத்துத் துடைத்து வைக்கிறோம். அதன் பூர்வீகமும் கடல்வழிதான்.

இன்னும் பின்னால் போனால் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் பாணனுக்கு வழி சொல்லும்போது, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் புலவர் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தணர் வீட்டில் நல்ல அரிசிச் சோறு, மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் பக்குவம் செய்த பொரியல், கூடவே மாவடு போட்ட ஊறுகாய். இங்கேயும் இலையில் உட்கார்ந்தவன் வழிப்போக்கன் என்பதைக் கவனியுங்கள்.

அந்த மாவடுவில் மிளகாய் கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கியது. பரங்கியர் பெயரையே ஊர்ப்பெயராகச் சுமக்கும் பரங்கிப்பேட்டை சிதம்பரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன்பு காரம் என்றால் மிளகுதான். மிளகாய்க்கு முந்திய ஊறுகாய் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அருங்காட்சியகம் தேடி அலைய வேண்டாம், உப்பு நார்த்தங்காயை எடுத்து வாயில் போட்டால் போதும். காய், உப்பு, வெயில், அவ்வளவுதான். காய்ச்சல் வந்து கஞ்சி குடிப்பவனுக்கு நாக்கு திரும்பவும் நாக்காவது அதனால்தான். பல வருஷம் கிடந்து கருத்துப்போன நார்த்தங்காய்க்கு வீடுகளில் மருந்து என்றே பெயர்.

இனி 1690. செஞ்சி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, அதாவது செயின்ட் டேவிட் கோட்டையை, கிழக்கிந்தியக் கும்பினியார் வாங்கி, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை தங்களுக்கே என்று ஊர்களை வளைத்துப்போட்ட கதையை, குண்டு கிராமங்களின் கதையை, முன்பே பார்த்தோம். அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். அதே ஆண்டில் சென்னைக் கோட்டையில் சில மாதங்கள் தங்கியிருந்தவர் வில்லியம் டாம்பியர். பாதி கடற்கொள்ளைக்காரர், பாதி இயற்கை ஆராய்ச்சியாளர். இரண்டு தொழிலுக்கும் கண் கூர்மை வேண்டும் போலிருக்கிறது. 1697இல் லண்டனில் வெளிவந்த தம் பயண நூலில் கீழைநாட்டு மாங்காய் ஊறுகாய்க்கு அவர் செய்முறையே கொடுக்கிறார். பச்சைக் காயை இரண்டாக அரிந்து, உப்பிலும் வினிகரிலும் போட்டு, சில பூண்டுப் பல் சேர்க்க வேண்டும். மிக உயர்ந்த தொடுகறி என்று சான்றிதழும் வழங்குகிறார். மாங்கா அச்சார் என்று பெயரையும் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

அந்தக் காலத்தில் நம் கரையிலிருந்து லண்டனுக்குக் கப்பல் போக ஆறு மாதமாவது ஆகும். மாம்பழம் நன்னம்பிக்கை முனையைத் தாண்டுமுன் அழுகிவிடும். அதனால் பல தலைமுறைகளுக்கு இங்கிலாந்துக்காரன் கண்ட ஒரே மாங்காய் ஊறுகாய் மாங்காய்தான். ருசி பிடித்துப்போயிற்று, காய்க்கு வழியில்லை. என்ன செய்தார்கள்? வெள்ளரிக்காயையும் முலாம்பிஞ்சையும் குடைந்து, உள்ளே பூண்டும் கடுகும் அடைத்து, வினிகரில் போட்டு, அதற்கு மாங்கோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் இந்தப் போலி மாங்காய்கள் நிறையக் கிடைக்கின்றன. ஹன்னா கிளாஸ் என்ற அம்மையாரின் பிரபலமான சமையல் நூல் முதலில் வந்தது 1747இல். அதன் பதிப்புகளில் 'இந்திய ஊறுகாய்' என்றே ஒரு பக்குவம் உண்டு. அந்த 1747இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. கிழக்குக் கரையில் கும்பினியின் தலைமையிடம் நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டை. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்த ராபர்ட் கிளைவ் என்ற குமாஸ்தாவும் இங்கேதான் இருந்தார். சாப்பாட்டு மேசையில் அவருக்கு அச்சார் வைத்தார்களா என்பதைக் கதை எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வினிகர் ஊற்றியது அவர்கள் தலைவிதி. வெயில் இல்லாத ஊரில் வேறு என்ன செய்ய முடியும்? நமக்குச் சித்திரை வெயில் இருக்கிறது. பக்கத்துக் கரையில் மரக்காணம் உப்பளம் இருக்கிறது. ஆனால் அந்த உப்பின் கதை அவ்வளவு ருசியானதில்லை. 1805இல் சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் கும்பினி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1882இல் உப்புச் சட்டம் வந்து பூட்டை இன்னும் இறுக்கியது. 1923இல் வரியை ஒரே அடியில் இரட்டிப்பாக்கி, மணங்குக்கு இரண்டரை ரூபாய் என்றார்கள். கூச்சல் எழுந்து அடுத்த ஆண்டே பழையபடி குறைத்தார்கள். ஒரு குடும்பம் வருஷத்திலேயே அதிக உப்பு வாங்குவது பங்குனியிலிருந்து வைகாசி வரை. மாவடு, நார்த்தை, மோர்மிளகாய், வடகம், கருவாடு எல்லாமே அந்த வெயிலில்தான். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கியது 1930 ஏப்ரல் 13, சித்திரைப் பிறப்பு. உப்பு அள்ளியது ஏப்ரல் 30. சரியாக ஊறுகாய்ப் பருவம். காந்தியும் ராஜாஜியும் அதைப் பார்த்து நாள் குறித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உப்பு வரி என்றதும் அடுப்பங்கரைக்கு உடனே விஷயம் புரிந்ததற்குப் பருவமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் அந்த உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டவர். ஊறுகாய்க்காகப் போராடினார் என்று எழுதினால் அந்த அம்மாள் ஆவி என்னை மன்னிக்காது. ஆகவே எழுதவில்லை.

ஊறுகாய்க்கு நம் மாவட்டத்தில் எதிர்ப்பே இல்லையா என்றால், உண்டு. அதுவும் சாமானியர்களிடமிருந்து வந்ததில்லை. திருவந்திபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வேதாந்த தேசிகர் எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்பதற்கென்றே 'ஆகார நியமம்' என்று தமிழில் ஒரு நூல் செய்தவர். ஆனால் அப்படி நியமம் வகுத்தவர் வாழ்ந்த அதே ஊரில், தேவநாதப் பெருமாள் கோயிலின் சேஷ தீர்த்தக் கிணற்றில் பக்தர்கள் வேண்டிக்கொண்டு கொட்டுவது உப்பும் மிளகும் வெல்லமும். காய் ஒன்றுதான் குறை.

வடலூர் வள்ளலார் விஷயத்தில் தப்பிக்க வழியே இல்லை. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்தவர். 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியை அவ்வளவு அறிந்தவர் சாப்பாட்டுக்கும் விதி எழுதியிருக்கிறார். புளியும் மிளகாயும் கொஞ்சமாகச் சேர்க்கலாம், மிளகும் சீரகமும் தாராளமாகச் சேர்க்கலாம், கடுகு அவசியமே இல்லை, உப்பு குறைவாகவே இருக்க வேண்டும், உப்பைக் குறைத்தால் உடம்பு நீடிக்கும் என்பது அவர் கருத்து. புளிப்பு, மிளகாய், கடுகு, உப்பு: ஊறுகாயின் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகத் தள்ளியது போல இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதும் டாக்டர்கள் இன்று சொல்வதும் ஏறக்குறைய இதேதான். தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருகிற வீடுகளில் ஜாடிகள் காலியாகிவிட்டனவா என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்குள் வருவோம். மாசி, பங்குனியில் வடு வரும். கையில் எடுத்தால் உருண்டையாக, கெட்டியாக, காம்போடு இருக்க வேண்டும். காம்பு போன வடு அழுகும். கிள்ளிப் பார்த்துப் பால் வந்தால்தான் பாட்டிகள் பேரம் பேசவே தொடங்குவார்கள். கழுவித் துடைத்து, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் கொஞ்சம் புரட்டி, ஜாடியில் ஓர் அடுக்கு வடு, ஓர் அடுக்கு கல்லுப்பு. கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை உப்பு. மூன்று நான்கு நாள் குலுக்கிக்கொண்டே இருந்தால் வடு சுருங்கி ஜாடிக்குள் தண்ணீர் ஊறி நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் நாம் விட்டிருக்க மாட்டோம். காயின் உள்ளே இருந்ததை உப்பு வெளியே இழுத்துவிட்டது. அவ்வளவு உப்புக்குள் கிருமிக்கு என்ன வேலை? அந்தத் தண்ணீரில் மிளகாய், கடுகு, மஞ்சள் அரைத்துக் கலந்து விட்டால் வருஷம் தாங்கும். வடு தீர்ந்த பிறகு மிஞ்சும் சாற்றுக்கு மோர்சாதத்தோடு ஒரு தனி உறவு உண்டு. அதைக் கீழே கொட்டுகிறவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்க வேண்டும்.

சித்திரையில் பெரிய காய் வரும். ஆவக்காய் ஆந்திராவிலிருந்து வந்த விருந்தாளி, வெந்தய மாங்காய் நம் வீட்டுப் பிள்ளை. இவற்றுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி, ஆறவைத்து, காய்க்கு மேலே நிற்கும்படி ஊற்ற வேண்டும். காற்றுப் பட்டால் பூஞ்சை பூக்கும், எண்ணெய் அதற்குக் கதவு. கடலூரில் ஒரு கூடுதல் தொல்லை, கடற்காற்று. உப்பு ஜாடியே கசிந்து நிற்கும் ஊரில் நார்த்தங்காய்ச் சுருள் காயவைப்பது தவம். மொட்டை மாடியில் விரித்து, காக்காய்க்குக் காவலாகக் கோடை விடுமுறைப் பிள்ளைகளைக் குச்சியோடு உட்காரவைப்பார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தால் குறையும். பழி காக்காய் மேல். பிள்ளைகள் உதட்டில் உப்புப் பூத்திருப்பதைப் பெரியவர்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார்கள்.

சம்பிரதாயங்களுக்குக் கணக்கில்லை. ஈரக் கை கூடாது, மரக் கரண்டிதான் போட வேண்டும், ஜாடி வாயைத் துணியால் வேடு கட்ட வேண்டும், உப்பையும் ஊறுகாயையும் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை வரும், விளக்கு வைத்த பிறகு உப்பை இரவல் தரக் கூடாது. இவற்றில் பாதி வேதியியல், பாதி வேடிக்கை. வீட்டு விலக்கான பெண்கள் ஜாடிப் பக்கம் போகக் கூடாது என்ற விதியை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? கெடுப்பது ஈரம்தான், பெண் இல்லை. பூஞ்சை பஞ்சாங்கம் பார்ப்பதும் இல்லை. அந்த ஜாடியைப் பரணில் ஏற்றி இறக்கி, குலுக்கி, வெயிலில் வைத்து எடுத்ததெல்லாம் அதே பெண்கள்தான். மற்றபடி, ஊறுகாய் கெட்டால் அந்த வருஷம் வீட்டுக்கு நல்லதில்லை என்ற நம்பிக்கையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத வருஷம் எப்படி நல்ல வருஷமாகும்?

மீனவர் தெருக்களில் இதே உப்பும் வெயிலும் வேறு வேலை செய்கின்றன. கடலூர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நெத்திலியும் வாளையும் கருவாடாகின்றன. இறாலைப் பொரித்து எண்ணெயும் மசாலாவும் சேர்த்து ஊறுகாயாகவும் போடுகிறார்கள். சைவ வீட்டு ஜாடியும் கருவாட்டுப் பானையும் ஒரே கணக்கில் பிழைக்கின்றன என்றால் இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளும்.

சிதம்பரத்தில் தொட்டுக்கொள்ளும் பெருமையைக் கொத்சு அபகரித்துக்கொண்டது. கத்திரிக்காயைச் சுட்டோ வதக்கியோ மசித்து, புளிவிட்டு, வறுத்த பொடி தூவி இறக்குவது. மிளகும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்துக்கு அதுதான் ஜோடி. ருசியில் ஊறுகாய்க்குப் பங்காளி, ஆயுளில் இல்லை. மறுநாள் தாங்காது. அதனாலேயே கொத்சு சிதம்பரத்தைவிட்டு அதிக தூரம் போகவில்லை, கொத்சு சாப்பிட ஆட்கள்தான் சிதம்பரத்துக்கு வர வேண்டியிருக்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த தில்லை மரத்தின் பாலோ கண்ணைக் கெடுக்கும், அதை ஜாடிக்குள் போட நம் பாட்டிகளுக்கே தைரியம் வரவில்லை. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு ஊறுகாய்ப் போக்குவரத்து எதிர்த்திசையில் நடந்தது. ஊர் ஊராக விடுதிக்கு வந்த பிள்ளைகளின் டிரங்குப் பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த புட்டி இல்லாமல் இருக்காது. வட இந்தியப் பிள்ளைகள் வந்தபோது கடுகெண்ணெய் அச்சாரும் நல்லெண்ணெய் ஆவக்காயும் ஒரே அறையில் குடித்தனம் செய்தன.

மாவட்டத்தின் உள்பகுதியில் இன்னொரு வேடிக்கை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டினால் வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. அதை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. மார்த்தபானிலிருந்து ஜாடி இறக்குமதி செய்த கரையில், நம் காலடியிலேயே பீங்கான் மண் கிடந்திருக்கிறது. ஆனால் விருத்தாசலம் ஊன்றியபோது காலம் மாறிவிட்டது. அங்கே அதிகம் செய்தது மின்சார ஃபியூஸ் கட்டையும் பொம்மையும்.

ஜாடியின் வாரிசும் கடலூரிலிருந்தே வந்தது, பீங்கானில் இல்லை. 1970களில் இங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர் ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டார். பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க வேண்டும், அதற்குப் பொருளைச் சின்னப் பொட்டலமாக்க வேண்டும் என்பது அவர் வாதம். டால்கம் பவுடரையும் எப்சம் உப்பையும் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவருக்குப் பின் பிள்ளைகள் ஷாம்பூவை அப்படி விற்றார்கள். வெல்வெட் ஷாம்பூவின் கதை ஊரறிந்தது. அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனிக்கடை வைத்து, தகப்பனார் பெயரின் எழுத்துகளிலிருந்து 'சிக்' என்று பெயர் சூட்டினார். அது பின்னால் கெவின்கேர் ஆயிற்று. அந்த நிறுவனம் ருசி ஊறுகாயை வாங்கியது, 'சின்னிஸ்' என்று தகப்பனார் பெயரிலேயே ஊறுகாய் விற்றது, அதுவும் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில். நாலு பேர் தூக்கும் மார்த்தபான் ஜாடி சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

நம் பாட்டிகள் இந்தப் பாக்கெட்டை மதிக்க மாட்டார்கள். வெயில் படாத ஊறுகாய், வினிகர் வாடை என்று முகம் சுளிப்பார்கள். டாம்பியர் மதித்திருப்பார். லாரி டிரைவர், கட்டட வேலைக்காரர், ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போகிறவர் எல்லோருக்கும் புளிசாதத்துக்கோ தயிர்சாதத்துக்கோ பக்கத்தில் வழித்துணையாக ஒரு பாக்கெட். பாணனுக்குக் கிடைத்த அதே வசதி. நல்ல இலையில் ஊறுகாய் எப்போதும் நுனிப்பக்கம் மேல் மூலையில் ஒதுங்கி உட்காரும். அரசியலில் தங்களை யாரும் மதிக்கவில்லை என்று புலம்பும் சின்னக் கட்சிக்காரர்கள், "எங்களை ஊறுகாயாத்தான் தொட்டுக்கிறாங்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் எல்லோர் கையும் முதலில் எங்கே போகிறது என்பதை அவர்கள் கவனித்ததில்லை.

பாக்கெட் ஊறுகாய் அதிகம் விற்கும் இடம் மளிகைக் கடையா, அரசாங்கமே நடத்தும் இன்னொரு கடையின் வாசலா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்குக் கள ஆய்வு தேவைப்படும். ஆய்வுக்குப் போகிறேன் என்றால் ஆசிரியரும் வீட்டுக்காரியும் சேர்ந்து தடுக்கிறார்கள். ஆகவே அடுத்த வாரம் பழையபடி பீரங்கிக்குத் திரும்புவோம். 1781 ஜூலை முதல் தேதி, பரங்கிப்பேட்டை மணல்வெளியில் ஹைதர் அலி காத்திருக்கிறார்.

(தொடரும்)